டோக்கன் மேசையில் தொடங்கும் சண்டை

மாலை 6 மணி முதல் 9 மணி வரை டாக்டர் பார்ப்பார் என்று வாசல் போர்டில் எழுதியிருக்கும். ஒரு நோயாளிக்குச் சராசரி 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அந்த மூன்று மணி நேரத்தில் 22 பேரைப் பார்க்கலாம். மேசையில் கொடுத்திருப்பதோ 40 டோக்கன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாற்பதாவது ஆள் உள்ளே நுழையும்போது மணி 11.12. அரசு மருத்துவமனைப் பணியையோ ஒரு சிசேரியனையோ முடித்துவிட்டு டாக்டர் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தால் நள்ளிரவு. இதற்கு நடுவே ரிப்போர்ட் காட்ட வருபவர்கள், 'ஒரே ஒரு நிமிஷம்' என்று கதவைத் தள்ளும் மெடிக்கல் ரெப்கள், பின்வாசல் வழியாக வரும் தெரிந்தவர்கள். எட்டரை மணிக்கு ஒருவர் எழுந்து நின்று கத்தினால், அவருடைய குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சிறு கிளினிக்குகளிலும் நர்சிங் ஹோம்களிலும் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். கத்துகிறவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்கமாட்டார். கூட வந்த மகன், கணவர், மாமா. நோயாளிக்குக் கத்தத் தெம்பிருக்காது. கூட வந்தவருக்கோ செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. வலியில் முனகுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் வீட்டில் நாளைக்குப் பேச்சு வரும். அவருடைய சத்தத்தில் பாதி டாக்டருக்கானது, மீதி நோயாளிக்கும் சொந்தக்காரர்களுக்கும் கேட்க வேண்டியது. இது புரிந்தால், அவரை அடக்குவதைவிட அவருக்கு ஒரு தகவலும் ஒரு வேலையும் கொடுப்பதுதான் விரைவில் பலிக்கும் என்பதும் புரியும்.

முதல் திருத்தம் டோக்கனிலேயே செய்யலாம். 22 பேரைத்தான் பார்க்க முடியுமென்றால் 24க்கு மேல் கொடுக்காமல், மீதிப் பேருக்கு மறுநாள் காலை எண்ணைத் தரலாம். டோக்கனில் வெறும் எண்ணை எழுதாமல் உத்தேச நேரத்தையும் எழுதலாம்: '17, சுமார் 8.15'. வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்று தெரிந்தவர் ஹாலில் உட்கார்ந்து கடிகாரத்தை முறைக்கமாட்டார். ரிப்போர்ட் காட்டுபவர்களுக்கு ஒரு முறை வேண்டும். மூன்று டோக்கனுக்கு ஒரு ரிப்போர்ட் என்று வைத்து அதைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டால் 'அவங்க மட்டும் எப்படி உள்ள போறாங்க' என்ற கேள்வி பாதியாகக் குறையும். ரெப்களை கடைசி டோக்கனுக்குப் பிறகோ மதியமோ பார்க்கலாம். நடுவில் ஒரு ரெப் பையோடு உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வருவதைப் போல ஹாலைச் சூடேற்றும் காட்சி வேறில்லை.

அவசர நோயாளியை முன்னால் அனுப்புவது இன்னொரு தகராறு. அனுப்பித்தான் ஆக வேண்டும்: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, அரை மயக்கம், நிற்காத ரத்தப்போக்கு, மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதாகச் சொல்லும் கர்ப்பிணி. இந்தப் பட்டியல் ரிசப்ஷன் மேசையின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவர்களில் யாரும் டோக்கனுக்காக நிற்கக்கூடாது. ஆனால் அனுப்பும்போது வாயைத் திறந்து ஹாலுக்குச் சொல்ல வேண்டும்: 'ஒரு அவசர கேஸ் வந்திருக்கு, முதல்ல பார்க்கறோம். எல்லாருக்கும் ஒரு இருபது நிமிஷம் தள்ளிப்போகும்.' நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதே ஹாலில் காரணம் சொல்லாமல் கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விட்டால் பணம் வாங்கிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

'இப்ப வந்துருவாரு' என்ற சொல்லை மேசையிலிருந்து அடியோடு எடுத்துவிடலாம். 'பத்து நிமிஷம்' என்று மூன்று முறை சொல்வதைவிட, 'ஆபரேஷன்ல இருக்கார், ஏழேகாலுக்கு மேலதான் வருவார், காத்திருக்க முடியாதவங்க நாளைக்கு வரலாம், நாளைக்கு முதல் டோக்கன் உங்களுக்கு' என்று ஒரே முறை சொல்வது மேல். அரை மணிக்கு ஒரு முறை மேசையிலிருக்கும் பெண் எழுந்து ஹாலைச் சுற்றி வந்து, சோர்ந்திருப்பவருக்கு ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் பார்த்தால் அதில் இரட்டைப் பயன். மோசமாகிக்கொண்டிருப்பவர் கண்ணில் படுவார். தங்களை மறக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பேசும் முறை பற்றிக் கொஞ்சம். 'உட்காருங்க' என்பதற்கும் 'உட்காருங்கம்மா' என்பதற்கும் இடையிலுள்ள தூரம் தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். ஹாலில் எல்லோர் காதிலும் விழும்படி 'யூரின் டெஸ்ட் யாருக்கு?' என்று கூவுவது ஒரு பெரியவரைக் கூனிக்குறுக வைக்கும். பத்து நிமிடம் கழித்து அவர் பில்லைப் பற்றிச் சண்டை போட்டால், உண்மையான காரணம் பில்லாக இருக்காது. கோபத்தில் இருக்கும் முப்பது வயதுக்காரரைத் 'தம்பி' என்று அழைப்பது சிக்கல். அழைப்பவர் அறுபது வயதுக்காரராக இருந்தால் எடுபடும். இருபத்தைந்து வயது ரிசப்ஷனிஸ்டோ ஜூனியர் டாக்டரோ சொன்னால் மட்டம் தட்டுவதாகவே கேட்கும். 'சார்' எங்கும் ஆபத்தில்லாதது. மதுரைக்குத் தெற்கே 'அண்ணே' பல நேரம் அதைவிட நன்றாக வேலை செய்யும். 'டென்ஷன் ஆகாதீங்க', 'அமைதியா இருங்க' இரண்டும் இதுவரை யாரையும் அமைதிப்படுத்தியதில்லை.

கத்தத் தொடங்கிய பிறகு

சத்தம் வெடிப்பதற்கு முன் உடம்பு அறிவிப்பு கொடுக்கும். முறைத்துப் பார்ப்பது, குரல் திடீரெனக் கூர்மையாவது, தனக்குள் முணுமுணுப்பது, நடையாய் நடப்பது, மேசையருகே மூன்று நான்கு முறை வந்து அதே கேள்வியைக் கேட்பது. இந்த நேரத்தில் இரண்டு நிமிடம் செலவழித்தால் பிறகு இரண்டு மணி நேரம் மிச்சம்.

ஒருவர் மட்டும் பேச வேண்டும். நான்கு ஊழியர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு பதில் சொல்வது நெருப்பில் பெட்ரோல். பேசுபவர் இரண்டு கை நீளத்துக்குக் குறையாத தூரத்தில், நேருக்கு நேர் இல்லாமல் சற்றே பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நிற்க வேண்டும். தோளில் கை போடக்கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கத்துகிறவருக்கு மூச்சு வாங்கும் இடம் ஒன்று தானாக வரும். அப்போது சொல்ல வேண்டியது விளக்கமில்லை, கேட்டதற்கான சாட்சி: 'ஆறு மணியிலிருந்து அம்மாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, யாரும் எதுவும் சொல்லல. கோபம் நியாயந்தான்.' தாமதம் உண்மையென்றால் அதற்கு மன்னிப்புக் கேட்பதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. சிகிச்சையில் தவறு நடந்ததா என்பது வேறு விஷயம். அதை அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்வதோ மறுப்பதோ இரண்டும் அவசரம்.

பிறகு தேர்வு கொடுக்க வேண்டும், உண்மையான தேர்வு. 'இந்த ரூம்ல உட்காரலாம், நான் இப்பவே பிரஷர் பார்க்கறேன். இல்ல ட்யூட்டி டாக்டர் உடனே பார்ப்பார், பெரிய டாக்டர்தான் வேணும்னா நாப்பது நிமிஷம் ஆகும். எது வசதி?' பார்வையாளர்கள் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள் என்பதால் இந்தப் பேச்சை ஹாலிலிருந்து கொஞ்சம் விலகி நடத்துவது நல்லது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நடத்தக்கூடாது.

போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினால், பிடுங்கப் போகக்கூடாது. பிடுங்குவதுதான் அந்த வீடியோவில் எல்லோரும் பார்க்கப்போகும் காட்சி. 'நீங்க எடுக்கறது எடுங்க சார், ஆனா மத்த பேஷன்ட்டுங்க முகம் விழுது, அவங்களுக்காக இந்தப் பக்கம் வந்து பேசலாம்' என்றால் போதும்.

கெட்ட வார்த்தை, மிரட்டல், பொருளைத் தட்டுவது என்று போனால் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். என்ன நடத்தை, என்ன வேண்டும், இல்லாவிட்டால் என்ன, இவ்வளவுதான்: 'சிஸ்டரை அப்படிப் பேசக்கூடாது. நிறுத்தினீங்கன்னா நான் இங்கயே நின்னு பதில் சொல்றேன். இல்லன்னா போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்.' ஒரு முறை சொன்னதை மறுமுறை செய்தே ஆக வேண்டும். ஐந்து முறை மிரட்டிவிட்டு எதுவும் செய்யாத கிளினிக்கில் ஆறாவது முறை கண்ணாடி உடையும். கை ஓங்கினால் பேச்சு முடிந்தது. ஊழியர்களையும் மற்ற நோயாளிகளையும் வெளியேற்றிவிட்டு 112ஐ அழைக்க வேண்டும். இதற்காகவே ஒரு சங்கேதச் சொல் இருக்க வேண்டும்: 'ஸ்டோர்லேருந்து நீல ஃபைல் எடுத்துட்டு வாங்க' என்று இன்டர்காமில் சொன்னால் இரண்டு பேர் உள்ளே வர வேண்டுமென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். டாக்டரின் நாற்காலி கதவுக்கு எட்டாத மூலையில் இருப்பது நம் ஊர் கன்சல்டிங் ரூம்களின் பொதுக் குறை. மேசையில் கனமான பேப்பர் வெயிட், கத்திரிக்கோல், ஊசித் தட்டு இருப்பதும் அப்படியே.

கோபமா, நோயா?

கூச்சல் போடுகிறவர் நோயாளியே என்றால் கணக்கு மாறும். முதலில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம். சர்க்கரை 70க்குக் கீழே போனவர் வியர்த்து, எரிந்து விழுந்து, குடித்தவர் போலவே நடந்துகொள்வார். விழுங்கும் அளவுக்கு நினைவிருந்தால் 15 கிராம் குளுகோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ரத்தக் குழாய் வழியே டெக்ஸ்ட்ரோஸ் (குளுகோஸ் கரைசல்). அடுத்து ஆக்சிஜன் அளவு. மூச்சுக்குத் திணறுகிறவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிவது அடங்காத்தனம் என்று எழுதப்பட்ட கேஸ் ஷீட்டுகள் நிறைய. முதியவர் நேற்று வரை சாதுவாக இருந்து இன்று எல்லோரையும் திட்டுகிறார் என்றால் சிறுநீர்த் தொற்றையும் சோடியம் அளவையும் பார்க்க வேண்டும்.

சாராய வாடை அடித்தால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது பெரிய தவறு. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் அதே வாடை இருக்கும். இதன் மறுபக்கம் இன்னும் நுட்பமானது: கால் முறிவுக்காகச் சேர்ந்தவர் இரண்டாம் மூன்றாம் நாள் இரவில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, சிஸ்டரை அடிக்க வருகிறார். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தியதால் வரும் நிலை இது, உயிருக்கே ஆபத்தானது. மருத்துவமனையில் சேர்க்கும் அன்றே மனைவியைத் தனியாக அழைத்துக் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டிருந்தால் முன்கூட்டியே மருந்து தொடங்கியிருக்கலாம். கட்டிலில் கட்டிப்போடுவது அதற்கான சிகிச்சை ஆகாது.

இன்னொரு வகை, கேட்டதைக் கொடுக்காததால் வரும் கோபம். 'ஊசி போடுங்க', 'ஒரு டிரிப்ஸ் ஏத்துங்க', பழைய தேதி போட்ட சான்றிதழ், தூக்க மாத்திரை. 'தேவையில்ல' என்ற ஒற்றைச் சொல் இங்கே அவமதிப்பாகக் கேட்கும். ஏன் தேவையில்லை, அதற்குப் பதிலாக என்ன, எப்போது திரும்ப வர வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்பார்கள். தூக்கத்துக்குக் கேட்கப்படும் அல்ப்ரசோலமும் வலி மருந்தான டிராமடாலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அதைச் சொல்லி மறுப்பது டாக்டரின் பிடிவாதமாகத் தெரியாது.

ஊசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'ஊசி போட்டதும் இறந்துட்டார்' என்பது தமிழ்நாட்டில் மருத்துவமனை முன் நடக்கும் மறியல்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாசகம். எனவே ஊசிக்கு முன் என்ன மருந்து, எதற்காக, முன்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். மருந்தின் பெயர், பேட்ச் எண், நேரம் மூன்றும் பதிவாக வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் ஆம்பூல் என்ற மருந்துக் குப்பியைத் தூக்கி எறியாமல் வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை வந்தால் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது, தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் போடுவது, இது தெரியாத ஒருவர் கூட ஊசி போடும் அறையில் இருக்கக்கூடாது.

மரணச் செய்தியும் பில்லும்

பெரிய கலவரங்கள் டோக்கனால் வருவதில்லை. எதிர்பாராத மரணத்தாலும், அதைச் சொன்ன விதத்தாலும், அதன் பிறகு நீட்டப்பட்ட பில்லாலும் வருகின்றன. நிலைமை மோசமாகிறதென்றால் அதை மோசமாகும்போதே சொல்ல வேண்டும். 'நல்லாத்தான் இருக்கார்' என்று மாலை வரை சொல்லிவிட்டு இரவு பத்து மணிக்குப் 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். ரெஃபர் செய்வது தவறில்லை. கடிதத்தில் நேரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், கொடுத்த மருந்துகள் எழுதி, அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, 108 வரும்வரை கூடவே நிற்க வேண்டும். கைகழுவுகிறார்கள் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது அல்லது மறைகிறது.

இறந்துவிட்டால் வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லக்கூடாது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவரையும் மிக நெருங்கியவர் ஒருவரையும் உட்கார வைத்து, டாக்டரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். 'எங்க கையில எதுவும் இல்ல', 'காப்பாத்த முடியல' என்று சுற்றி வளைத்தால் ஐசியூவுக்குப் போயிருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். 'ஐயா இறந்துட்டார்' என்ற சொல்லே வர வேண்டும். அதன் பிறகு ஒரு நிமிடமாவது பேசாமலிருக்க வேண்டும். தட்டையான இசிஜி தாளில் நேரம் குறித்துக் கோப்பில் வைக்க வேண்டும். உடலைப் பார்க்க உடனே அனுமதிக்க வேண்டும். பாக்கித் தொகைக்காக உடலைத் தராமல் வைத்திருப்பது நோயாளி உரிமைச் சாசனத்துக்கு எதிரானது. பணத்தைப் பிறகு கேட்கலாம், உடலைப் பிறகு கொடுக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் வார்டு கவுன்சிலரோ ஊர்ப் பெரியவரோ வருவார். நல்ல ஆளாக இருந்தால் அவரே பாதி வேலையைச் செய்துவிடுவார்; டாக்டர் சொன்னதை அவர் வாயால் சொன்னால் குடும்பம் கேட்கும். தொகை பேச வந்தவராக இருந்தால் அந்த இரவில் எதையும் பேசவோ கையெழுத்திடவோ கூடாது. சந்தேகம் உள்ள குடும்பத்துக்குப் பிரேதப் பரிசோதனை கேட்கும் வழியையும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், நுகர்வோர் ஆணையம் ஆகிய இடங்களில் புகார் கொடுக்கும் வழியையும் கிளினிக்கே சொல்லலாம். விசித்திரமாகத் தோன்றும். ஆனால் புகாருக்கு வாசல் இருக்கிறதென்று தெரிந்தவர் கல்லைத் தேடமாட்டார். காவல்துறையும் டாக்டர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பதற்கு முன் சார்பற்ற மருத்துவக் கருத்து, முடிந்தால் அரசு மருத்துவரிடம், பெற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் சொல்லியிருக்கிறது.

சத்தம் போடாத மனக்குறை இன்னும் ஆபத்தானது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். தாய்க்கு நடந்த சிகிச்சை பற்றிய குறையே காரணம் என்று செய்திகள் கூறின. வரிசையில் நின்று வெடித்த கோபம் இல்லை இது. நீண்டகால நோய்களில், திருப்தியில்லாமல் சிகிச்சையை விட்டுப் போன குடும்பத்துக்கு ஒரு போன் செய்து 'உங்களுக்கு என்ன கேட்கணுமோ கேளுங்க' என்று அரை மணி நேரம் ஒதுக்கும் மருத்துவமனைகள் மிகக் குறைவு. மெட்டல் டிடெக்டர் வைப்பது எளிது.

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கு மூன்றாண்டுக்குக் குறையாத, பத்தாண்டு வரையிலான சிறையும் அபராதமும் விதிக்கிறது. தனியார் கிளினிக்கும் அதில் அடக்கம். புகார் எழுதும்போது இந்தச் சட்டத்தின் பெயரையும் எண்ணையும் குறிப்பிடுவது நல்லது. இல்லாவிட்டால் வெறும் அடிதடி வழக்காகப் பதிவாக வாய்ப்புண்டு. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், வன்முறை நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டுமென்று மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தனியார் கிளினிக்கும் அந்த வேகத்தையே பின்பற்றலாம். சிசிடிவி பதிவு அழிந்துபோவதற்கு முன் நகல் எடுக்க வேண்டும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனிலிருந்து திரும்பக்கூடாது.

தொடர்ந்து தொல்லை தரும் நோயாளியை 'இனி வராதீங்க' என்று சொல்லலாமா? 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள்படி யாருக்குச் சிகிச்சை அளிப்பதென்று டாக்டர் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அவசர நிலையில் மறுக்க முடியாது, ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய முன்னறிவிப்பின்றிக் கைவிடவும் முடியாது. முரட்டுத்தனமான நோயாளியை மறுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன 2023ஆம் ஆண்டு விதிகள் வந்த மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகவே எழுத்தில், காரணத்தோடு, வேறு டாக்டரைத் தேட இரண்டு மூன்று வாரம் கொடுத்து, மருந்து தீராமல் பார்த்துக்கொண்டு முடிப்பதே வழி. ஃபைல் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கோபத்தில் அதை இழுத்தடிப்பது வழக்குக்கு முதல் படி.

சம்பவம் முடிந்த அன்றே, திட்டு வாங்கிய ரிசப்ஷனிஸ்டை ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துப் பேச வேண்டும். சில டாக்டர்கள் அந்தப் பெண்ணை நோயாளிகள் முன்னாலேயே திட்டுவார்கள். பிறகு நோயாளிகளும் திட்டுகிறார்களே என்று வருத்தப்படுவார்கள். மேசையில் ஒரு நோட்டு: தேதி, மணி, டோக்கன் எண், எவ்வளவு நேரம் காத்திருந்தார், என்ன கேட்டார், என்ன பதில் சொன்னோம், எப்படி முடிந்தது. சிறு முணுமுணுப்பையும் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து 'மணி' என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் 8.20, 8.45, 8.30, 8.50 என்று ஓடும். நாளைக்கு எத்தனை டோக்கன் கொடுப்பது என்று அப்போது பேச உட்காரலாம்.